செயலாளரும் எட்டுத் தூண்களும்

காலை ஐந்து மணி நாற்பது நிமிடம். மடுல்கெல்லைப் பக்கத்துக் கோப்பித் தோட்டம் ஒன்றின் பெரட்டுக் களத்தில் நான் முதலில் கண்டது ஆட்களை அல்ல, ஆட்களுக்கு நடுவே கிடந்த வெற்றிடங்களை. விடியற்காலையில் தொழிலாளரை வரிசையில் நிறுத்தி, தலை எண்ணி, வேலைக்கு அனுப்புவதைத்தான் தோட்டத்தில் பெரட்டு என்பார்கள். அந்த வரிசையில் ஒவ்வொரு குடும்பத்துக்கும் பழகிப்போன ஓர் இடம் உண்டு. ஊருக்குத் திரும்பிப் போய்விட்டவர்களின் இடத்தை மற்றவர்கள் நெருங்கி நின்று அடைத்துக்கொள்ளவில்லை. பனிமூட்டத்துக்குள் ஐந்து பேர் தெரிந்தார்கள். பிறகு மூன்று ஆள் அகலத்துக்கு ஈரப் புல். பிறகு கம்பளியைத் தலையில் போட்ட இரண்டு பெண்கள். பிறகு மறுபடியும் புல். கங்காணி கையிலிருந்த பிரம்பை ஒவ்வொருவருக்கும் நேராக நீட்டி எண்ணிக்கொண்டு வந்தார். என் பக்கத்தில் குடையை ஊன்றி நின்ற செயலாளரும் உதடு அசையாமல் எண்ணினார். கங்காணிக்கு முன்னரே முடித்துவிட்டு, "நாப்பத்தொண்டு" என்றார். முந்தின ஆண்டு இதே களத்தில் நூறு பேருக்கு மேல் நின்றதை நாங்கள் இருவருமே பார்த்திருந்தோம்.

கண்டியில் கந்தோரில் உட்கார்ந்து எழுத்து வேலை பார்க்கும் ஒருவருக்கு மடுல்கெல்லைப் பெரட்டில் என்ன அலுவல் என்று கேட்கலாம். வேலைக்கு வந்து நிற்கும் ஒவ்வொரு தலைக்கும் நாளுக்கு இவ்வளவு என்று தோட்டம் கங்காணிக்கு ஒரு தொகை கொடுக்கும். அதற்குத் தலைக்காசு என்று பெயர். எங்கள் கல்லூரியின் கணித ஆசிரியர் அந்தத் தலைக்காசில்தான் சம்பளம் வாங்கினார். மடுல்கெல்லையில் ஒரு குடும்பம் மூட்டை கட்டினால் கண்டியில் அவர் வீட்டு அடுப்பில் அது தெரியும். இந்த ஏற்பாட்டை யோசித்துச் செய்தவர் செயலாளர். தாம் செய்தது பிழை என்று அவருக்கு உறுதிப்பட்டதும் அந்தக் களத்தில்தான்.

அவருக்குப் பெயர் இல்லாமல் இல்லை. ஆனால் ஊரில் எல்லோரும் அவரைச் செயலாளர் என்றே அழைத்தார்கள். அவர் மனைவியும் வீட்டுக்கு வந்தவர்களிடம் "செயலாளர் வெளியில போயிட்டார்" என்றே சொல்வார். யாழ்ப்பாணத்தார். கோப்பி ஏற்றுமதி செய்யும் ஒரு கம்பெனியின் கண்டிக் கந்தோரில் தலைமை எழுதுவினைஞர். வயது நாற்பதுக்குள். வெள்ளைக் கோட்டு, வேட்டி, மழைக்கும் வெயிலுக்கும் ஒரே குடை. கல்லூரி நிதிக்கு அவர் சம்பளம் இல்லாத செயலாளர். நன்கொடை கேட்டுப் போகும் வீட்டில், கொடுப்பவர் ஆம் என்றோ இல்லை என்றோ சொல்லும்வரை கதிரையில் உட்கார மாட்டார், கோப்பி குடிக்க மாட்டார். காரணம் கேட்டேன். "இருந்தால் பிறகு எழும்ப மனம் வராது. குடிச்சால் பிறகு கடுமையாக் கதைக்க ஏலாது" என்றார். நான் அப்போது கண்டியில் அச்சான ஒரு தமிழ் வாரப் பத்திரிகையின் நிருபன். நன்கொடையாளர் பட்டியலை அச்சுக்குக் கொடுப்பதும், என் பெயர் ஏன் அவர் பெயருக்குக் கீழே வந்தது என்று கேட்டு வரும் கடிதங்களுக்குப் பதில் எழுதுவதும் என் வேலை. அப்படித்தான் அவருடன் பழக்கமானேன். என்னை அவர் "பேப்பர்காரர்" என்பார். அதில் கொஞ்சம் கேலியும் கொஞ்சம் எச்சரிக்கையும் இருக்கும்.

தீவில் அப்போது பல்கலைக்கழகம் கிடையாது. மேலே படிக்க விரும்பும் பிள்ளை, கடலுக்கு அப்பாலிருக்கும் ஒரு பல்கலைக்கழகத்தின் நுழைவுத் தேர்வை இங்கேயே இருந்து எழுதித் தேற வேண்டும். அதற்குத் தயார்படுத்தும் வகுப்பு கண்டித் தமிழ்ப் பிள்ளைகளுக்கு எட்டக்கூடிய எதுவும் இல்லை. கட்டுகஸ்தோட்டைக்குப் போகும் வழியில் ஒரு மேட்டு நிலத்தை வாங்கிக் கல்லூரி கட்டுவது என்று ஊர்ப் பெரியவர்கள் தீர்மானித்தார்கள். கோப்பி நன்றாக விலை போன காலம். எட்டுக் கருங்கல் தூண் வைத்த மண்டபம் என்று வரைபடம் வந்தது. ஒரு தூணுக்கு ஒரு நன்கொடையாளர். தூணின் நெஞ்சு உயரத்தில் அவர் பெயர். கூட்டம் கூட்டி அறிவித்த அன்று மாலைக்குள் ஏழு தூண்களுக்கு ஆள் கிடைத்துவிட்டது. இடையில் ஒரு சண்டையும் நடந்தது: வாசலுக்கு வலப்பக்கத் தூண் யாருக்கு என்று. அதைக் கட்டடக் குழுத் தலைவரான செட்டியார் எடுத்துக்கொண்டார்.

அதன்பிறகு செயலாளர் எழுந்து, கணிதம் கற்பிக்க ஒருவர் வேண்டும், அந்தப் பதவிக்கும் யாராவது தாருங்கள் என்று கேட்டார்.  அதுவரை கலகலப்பாக இருந்த முகங்கள் குனிந்து பாய்களைப் பார்த்தன. கொழும்பு வீதியில் கோப்பி வண்டிகள் ஓட்டிய முஸ்லிம் முதலாளி ஒருவர்தான் வாயைத் திறந்தார். "செயலாளர், நான் சென்னா கோவிக்க வேணாம். தூண்ல என்ட வாப்பாட பேர வெட்டினா அது அங்கேயே நிக்கும். வாத்தியார்ட முதுகுலயா பேர் வெட்டுறது? அவரு லீவுக்கு ஊருக்குப் போகக்குள்ள வாப்பாவையும் கொண்டு போயிடுவாரே!" கூட்டம் சிரித்தது. செயலாளரும் சிரித்தார். சிரித்து முடிந்ததும், "சரி, இப்ப சொல்லுங்கோ. ஆர் தாறீங்கள்?" என்று அதே குரலில் மறுபடியும் கேட்டார்.

வாசலருகே நின்றிருந்த ஒருவர்தான் பதில் சொன்னார். மடுல்கெல்லையிலிருந்து வந்த பெரிய கங்காணி. அழைப்பு அனுப்பப்பட்டவர்தான், ஆனால் உட்காரச் சொல்லி யாரும் இடம் காட்டியிருக்கவில்லை. "அய்யா, மிச்சமிருக்கிற எட்டாந் தூணு நான் தர்றேன். வாத்தியாருக்கும் நானே தர்றேன். வாத்தியாருக்கு மொத்தமாக் குடுக்க எங்கிட்ட இல்லைங்க. வாரத்துல மூணு நாள் தலைக்காசு. நான் கங்காணியா இருக்கிற வரைக்கும்" என்றார். செட்டியார் அதை விரும்பவில்லை. ஒரு தொகையைப் பெற்று வட்டிக்கு விட்டு, வட்டியில் சம்பளம் கொடுப்பதுதான் முறை என்றார். செயலாளர் மறுத்தார். அன்று அவர் சொன்னதை நான் குறித்துவைத்தேன், பத்திரிகையிலும் வந்தது. "கோப்பி விலை ஏறும், இறங்கும். வட்டிக்கு வாங்கின கடை முறியும். தோட்டத்தில பெரட்டு மட்டும் ஒரு நாளும் நிக்காது. விடிஞ்சால் சனம் வந்து நிக்கும்."

கேட்டவர்களுக்கு அது நியாயமாகவே பட்டது. எனக்கும் பட்டது. மலைநாட்டில் அன்று வாழ்ந்த எவருக்கும், காலையில் கொம்பு ஊதினால் லயம் என்னும் வரிசை வீடுகளிலிருந்து ஆட்கள் இறங்கி வருவது மழை பெய்வதைப் போன்ற ஒன்று. மழையை நம்பி விதைப்பதில்லையா? பெரட்டை நம்பி ஓர் ஆசிரியரை வரவழைத்தார்கள்.

அவர் யாழ்ப்பாணத்தில் நல்ல பள்ளிக்கூடம் ஒன்றில் இருந்தவர். வேலையை விட்டுவிட்டு மனைவியோடும் இரண்டு பெண் குழந்தைகளோடும் கண்டிக்கு வந்தார். செயலாளர் அவருக்கு எழுதிய கடிதத்தில் பதவி "நிரந்தரமானது" என்று இருந்தது. அந்தக் கடிதத்தை ஆசிரியர் எனக்குக் காட்டியிருக்கிறார். அந்தச் சொல்லுக்குக் கீழே அவரோ அவர் மனைவியோ பென்சிலால் கோடு போட்டிருந்தார்கள். மண்டபத்துக்கு அத்திவாரம் மட்டும் போட்டிருந்த நேரம் அது. செயலாளரின் கம்பெனிக்குச் சொந்தமான கோப்பிக் களஞ்சியம் ஒன்று பக்கத்தில் காலியாகக் கிடந்தது. அதில் ஒரு மூலையில் கரும்பலகையை மாட்டி வகுப்பு நடந்தது. தேர்வு வகுப்பில் நான்கு பேர். சுவரிலும் தரையிலும் ஊறியிருந்த கோப்பி மணம் அவர்களின் பாடக் கொப்பிகளுக்கும் ஏறிவிட்டது என்று ஆசிரியர் சொல்வார். மிகக் கறாரானவர். அட்சரகணிதத்தில் விடை சரியாக இருந்து வழி பிழைத்தால் பூச்சியம் போடுவார்.

அதன்பிறகு கோப்பிச் செடிகளைப் பிடித்த இலை நோய் பற்றி நான் விரித்து எழுதத் தேவையில்லை. அந்தக் காலத்து ஆட்கள் இன்னும் பலர் இருக்கிறார்கள். இலையின் அடியில் செம்மஞ்சள் பொடி. தொட்டால் விரலில் ஒட்டும். ஒரு பருவம் வரும், போகும், மரம் தேறிவிடும் என்றுதான் துரைமார் முதலில் சொன்னார்கள். பிறகு சொல்வதை நிறுத்தினார்கள். வாரம் ஆறு நாள் வேலை கொடுத்த தோட்டங்கள் மூன்று நாள் கொடுத்தன. ஆட்கள் வடக்கு வீதியில், இந்தியாவிலிருந்து வந்த வழியே நடந்து போகத் தொடங்கினார்கள். கண்டியில் ஆசிரியரின் சம்பளம் முதலில் பத்து நாள் பிந்தியது, பிறகு பாதியாக வந்தது. அவர் செயலாளரிடம் எதுவும் கேட்கவில்லை. ஆனால் பழைய பள்ளிக்கூடத்திலிருந்து அவருக்கு ஒரு கடிதம் வந்திருந்தது: இடம் காலியாக இருக்கிறது, மாத முடிவுக்குள் வருவதாக இருந்தால் சொல்லவும். தேர்வு மார்கழியில். அப்போது சித்திரை நடந்துகொண்டிருந்தது. நடுவில் கணித ஆசிரியர் போனால் நான்கு பேரும் தேர்வுக்குப் போவதில் பொருள் இல்லை.

கட்டட நிதியிலோ போதிய பணம் கிடந்தது. செயலாளர் செட்டியாரிடம் போனார், நானும் போனேன். செட்டியார் வட்டிக்கடையில் பாயில் அமர்ந்திருந்தார். கட்டட நிதியில் கொஞ்சத்தை ஆசிரியர் பதவிக்கு மாற்றலாமா என்று செயலாளர் நின்றபடியே கேட்டார்.

"அந்த விதியை எழுதுனது யாரு?" என்றார் செட்டியார்.

"நான்தான்."

"கல்லுக்குக் குடுத்தது கல்லாகணும்னு எழுதினீகளா இல்லையா?"

"ஓம். எழுதினனான்."

"இன்னைக்கு வாத்தியார் சோத்துக்கு எடுப்பீக. நாளைக்கு வேறொருத்தர் வேறெதுக்கோ எடுப்பாரு. அப்புறம் இந்த ஊர்ல எவன் குடுப்பான்? எனக்கு வாத்தியார் மேல ஒண்ணும் இல்லை. வெளங்குதா? கல்லுக்குக் குடுத்தது கல்லாகணும்."

செயலாளர் தலையசைத்தார். வெளியே வந்ததும், "அவர் சொல்லுறது சரி" என்றார் என்னிடம். அதற்கு இரண்டு நாள் கழித்து, பன்விலை வரை மாட்டு வண்டியிலும் அங்கிருந்து நடந்தும் மடுல்கெல்லைக்குப் போனோம். எட்டாந்தூணுக்குக் கங்காணி கட்டிய பணம் நிதியில் இருந்தது, தூண் இன்னும் வெட்டப்படவில்லை. நன்கொடையாளர் தாமே மனமொப்பி நோக்கத்தை மாற்றினால் விதி இடம் கொடுக்கும். தூணை விட்டுத்தரும்படி அவரிடம் கேட்பதுதான் செயலாளரின் எண்ணம்.

பெரட்டு கலைந்து நாற்பத்தொரு பேரும் மலையேறிய பிறகு கேட்டார். கங்காணி பிரம்பின் நுனியால் புல்லைக் கிளறிக்கொண்டிருந்தார். பிறகு சொன்னார்: "வாத்தியாருக்குக் கொடுத்த வாக்கு எனக்கு மறக்கலைங்க. ஆனா தூணைக் கேக்காதீங்கய்யா. நான் இந்த நாட்டுக்கு வந்து எம்பேரை எழுதுனது ஒரே எடத்துல, தொரையோட ஆள்கணக்குப் புத்தகத்துல, செக்ரோல்ல. அது மாசம் முடிஞ்சா கிழிஞ்சு போயிரும். கல்லுல எழுதப் போறாங்கன்னு எங்க வீட்ல சொல்லிப்புட்டேன். லயத்துல பூரா சொல்லிப்புட்டேன்."

செயலாளர் அதற்கு மேல் வற்புறுத்தவில்லை. குடையை எடுத்துக்கொண்டு கிளம்பத் திரும்பினார். கங்காணி எங்களுடன் வண்டிப் பாதை வரை வந்தார். பாதி வழியில், கட்டட வேலை ஏன் அத்திவாரத்தோடு நிற்கிறது என்று கேட்டார். கூலிக்கு ஆள் கிடைக்கவில்லை, கொத்து வேலைக்கு மேசன் பாஸ் ஒருவரும் அவருடைய இரண்டு பையன்களும் மட்டுமே இருக்கிறார்கள் என்றார் செயலாளர். கங்காணி நின்றுவிட்டார்.

"ஆள் இல்லையா? எங்கிட்ட நாப்பத்தோரு பேரு வாரத்துல பாதி நாள் சும்மா இருக்கானுக. எங்களுக்கு அரிசி குடுக்கிற செலவு மிச்சமானாப் போதும் தொரைக்கு, எல்லாரையும் மொத்தமா சந்தோசமா அனுப்புவாரு. நான் கூட்டிட்டு வர்றேன். கல்லு சொமக்க, மண்ணு வெட்ட. நீங்க அவங்களுக்குக் கூலி குடுங்க. தோட்டத்துல குடுக்கிற மாதிரி எனக்குத் தலைக்காசு குடுங்க. அந்தத் தலைக்காசு மொத்தமும் வாத்தியாருக்கு. மூணு நாளு இல்லைங்க, எல்லா நாளும்."

செயலாளர் என் பக்கம் திரும்பி, "பேப்பர்காரர், இதில எங்கயாவது விதி முறியுதே?" என்றார். நான் யோசித்துப் பார்த்தேன். முறியவில்லை. கல்லுக்குக் கொடுத்த பணம் கல் சுமப்பவருக்குப் போகிறது. கங்காணி தம் தலைக்காசை என்ன செய்தாலும் அவர் பாடு. அன்றைக்குத்தான் செயலாளர் கங்காணியின் லயத்துக்கு மறுபடி ஏறிப்போய், வாசலில் போட்ட பலகையில் உட்கார்ந்து கோப்பி குடித்தார்.

அந்த ஏற்பாட்டைச் செட்டியாராலும் குறைசொல்ல முடியவில்லை. ஆசிரியர் யாழ்ப்பாணத்துக்கு வரமுடியாதென்று எழுதிப்போட்டார். வைகாசியிலிருந்து கண்டி நகரத்தார் ஒரு புதுமையைப் பார்த்தார்கள்: கட்டுகஸ்தோட்டை வீதியோரம், கல்லூரி நிலத்தில், காலை ஆறு மணிக்குப் பெரட்டு. களஞ்சியத்தின் பின்பாதியில் தங்கியிருந்த நாற்பத்தொரு பேரும் வெளியே வந்து வரிசையில் நிற்பார்கள். கங்காணி பிரம்பை நீட்டி எண்ணுவார். இங்கே இடைவெளி விட்டு நிற்கவில்லை; தோள் தொட்டு நின்றார்கள். அது புதிய களம் என்பதால் இருக்கலாம். பெண்கள் மகாவலியில் அள்ளிய மணலைக் கூடையில் சுமந்து மேடேறினார்கள். களஞ்சியத்தின் முன்பாதியில் ஆசிரியரின் குரல் கேட்டபடி இருக்கும். கூடை சுமந்து போகிறவர்கள் அந்த ஜன்னலைக் கடக்கும்போது மட்டும் பேச்சை நிறுத்திவிடுவார்கள். அப்படிச் செய்யும்படி அவர்களுக்கு யாரும் சொல்லவில்லை என்று விசாரித்து அறிந்தேன்.

அந்த வரிசையில் நின்ற எவருடைய பிள்ளையும் அந்த வகுப்பில் இல்லை. ஒருநாள் இதைச் செயலாளரிடம் சொன்னேன். கொஞ்சம் கூர்மையாகவே சொல்லியிருப்பேன். எனக்கு வயது இருபத்தாறு. அவர் கோபிக்கவில்லை. "தெரியும். பேப்பரில போடுறதெண்டால் போடும். ஆனா மார்கழி கழிஞ்சு போடும்" என்றார். மார்கழி கழிந்தபோது நான் வேறு செய்திகளில் இருந்தேன். போடவில்லை. இதை என் பிழையாகவே எழுதுகிறேன்.

வேலை நன்றாக நடந்தது. மிகவும் நன்றாக நடந்தது என்பதுதான் சிக்கல். தோட்டத்து ஆட்கள் சரிவில் வேலை செய்து பழகியவர்கள். தூண்களை நான்கே நாட்களில் உருட்டி நிமிர்த்திவிட்டார்கள். கங்காணியின் தூணும் நின்றது. பெயர் வெட்டிய அன்று அவர் மனைவி வந்து அதற்குச் சந்தனம் பூசிவிட்டுப் போனார். ஆடி முடிவதற்குள் சுவர்கள் ஜன்னல் மட்டத்துக்கு வந்தன. இப்படியே போனால் புரட்டாசியில் கூரை ஏறிவிடும். கூரை ஏறினால் பெரட்டு இல்லை. பெரட்டு இல்லையென்றால் தலைக்காசு இல்லை. அதற்குப் பிறகும் மார்கழிக்கு மூன்று மாதம் இருக்கும். இதைச் செயலாளர் எப்போது உணர்ந்தார் என்று எனக்குத் தெரியாது. நான் உணர்ந்தது ஒரு திங்கட்கிழமை, வடக்குச் சுவரின் மேல் நான்கு வரிசைக் கற்களை ஆட்கள் பிரித்து இறக்கிக்கொண்டிருந்ததைப் பார்த்தபோது.

மேசன் பாஸ் சிங்களவர். வேலையில் பெருமை உள்ள மனிதர். தூக்குக்குண்டைக் கையில் பிடித்துக்கொண்டு செயலாளரின் முன் நின்றார். "ஐயா, இது நேர். நல்ல நேர். நான் மூணு தரம் பார்த்தது. ஏன் ஒடைக்கச் சொல்றது?"

"கொஞ்சம் சாய்வாத் தெரியுது பாஸ்" என்றார் செயலாளர், சுவரைப் பாராமல்.

ஆசிரியரும் களஞ்சியத்திலிருந்து வெளியே வந்தார். நேர்கோடு எது என்று அவருக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. சுவரைப் பார்த்தார், பிரித்த கற்களைப் பார்த்தார். "செயலாளர், உந்தச் சுவர் சரியாத்தானே இருக்கு?" என்றார். "மாஸ்டர், நீங்கள் வகுப்பைப் பாருங்கோ" என்று அவர் பதில் சொன்ன தொனியில் ஆசிரியருக்கு எல்லாம் விளங்கிவிட்டிருக்க வேண்டும்.  உள்ளே போய்விட்டார். வழி பிழைத்தால் பூச்சியம் போடும் அந்த மனிதர் அன்று மாலை வகுப்பை இருட்டும்வரை நடத்தினார் என்று பிறகு மாணவர் ஒருவர் சொன்னார்.

அந்த வாரப் பத்திரிகையில் "கல்லூரிக் கட்டட வேலை தொடர்ந்து நடைபெறுகிறது" என்று ஒரு வரி எழுதினேன். அதில் பொய் எதுவும் இல்லை. அதைவிட மோசமான வரியை என் தொழிலில் நான் எழுதியதும் இல்லை.

சுவரை மறுபடி கட்டினார்கள். பத்து நாள் போயிற்று. அடுத்ததாகக் கிழக்குச் சுவரைப் பிரிக்கச் சொன்ன நாளில், கிடுகுக் கூடாரம் போட்ட வண்டி ஒன்று வந்து நின்று செட்டியார் இறங்கினார். யார் போய்ச் சொன்னது என்று தெரியாது, நான் அல்ல. அவர் யாரிடமும் பேசாமல் மேசன் பாஸின் கையிலிருந்த தூக்குக்குண்டை வாங்கி, கல் மேல் ஏறிநின்று, தாமே சுவரோடு தொங்கவிட்டுப் பார்த்தார். குண்டு ஆடி அடங்கும்வரை காத்திருந்தார். கூடையோடு போன பெண்கள் நின்றுவிட்டார்கள். கங்காணி பிரம்பை முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டார்.

"சொவரு நேராத்தான் இருக்கு" என்றார் செட்டியார்.

"ஓம்" என்றார் செயலாளர்.

"வடக்குச் சொவரும்?"

"அதுவும் நேர்தான்."

செட்டியார் இறங்கி வந்தார்.   "ஏன், என்ன, எதுக்குன்னு நான் கேக்கல" என்றார் செட்டியார். "தேர்வு என்னைக்கு?"

"மார்கழி முதல் கிழமை. வியாழக்கிழமை கடைசித் தாள்."

"குடுத்தவன் காசை ஒடைச்சு ஒடைச்சுக் கட்டுறீக. இது களவு. தெரியுமில்ல?"

"தெரியும்."

செட்டியார் மேட்டு நிலத்தைச் சுற்றி ஒருமுறை பார்த்தார். வீதியோரம், சரிவு, பின்பக்கத்துப் பற்றைக்காடு. பிறகு மேசன் பாஸைக் கூப்பிட்டார். "பாஸ், இந்த நெலத்தைச் சுத்தி இடுப்பளவுக்குக் கருங்கல் மதில் எழுப்பணும். இத்தனை பேரை வச்சு மார்கழி முதல் வாரம் வரைக்கும் வேலை செஞ்சா எவ்வளவு நீளம் வரும்?" பாஸ் விரல்களை மடக்கிப் பார்த்துவிட்டு, மூன்று பக்கமும் நாலாவது பக்கத்தில் பாதியும் வரும் என்றார். "அது என் தனிச் செலவு. என் பேரு போடவேண்டாம். மதிலுக்குக் குடுக்கிறேன், மதிலாகணும்" என்றார் செட்டியார். வண்டியில் ஏறும்போது செயலாளரிடம் சொன்னார்: "வாத்தியாருக்குக் குடுன்னு இன்னொருவாட்டி கேட்டாலும் குடுக்கமாட்டேன். மதிலு கேட்டிருந்தா அன்னைக்கே குடுத்திருப்பேனே. கேக்கத் தெரியலையே உமக்கு."

பாதி பிரித்த கிழக்குச் சுவரை அன்றே திருப்பிக் கட்டினார்கள். புரட்டாசிக் கடைசியில் கூரை ஏறியது. பெரட்டு நிற்கவில்லை. ஆட்கள் மதிலுக்குக் கல் சுமந்தார்கள், கங்காணி எண்ணினார், ஆசிரியரின் சம்பளம் மாதந்தோறும் முதல் தேதியில் போனது. நான்கு பேரும் தேர்வு எழுதினார்கள், மூவர் தேறினார்கள். தேறியவர்களைக் கணக்கில் எடுத்து அரசாங்கம் பள்ளிகளுக்கு மானியம் கொடுத்த காலம் அது. அந்த மானியத்தில் கணித ஆசிரியரின் பதவி நிலைத்தது. அவர் தலை நரைத்து ஓய்வு பெறும்வரை அங்கேயே இருந்தார். செயலாளர் அவ்வளவு காலம் இருக்கவில்லை. கோப்பிக் கம்பெனி மூடிய பிறகு சிறிய சம்பளத்தில் வேறொரு கந்தோருக்குப் போனார். சில ஆண்டுகளில் காய்ச்சலில் இறந்தார். கங்காணி மிஞ்சிய ஆட்களைக் கூட்டிக்கொண்டு புசல்லாவைக்குப் போய்விட்டார் என்று கேள்விப்பட்டேன். அங்கே தேயிலை போட்டிருந்தார்கள்.

இப்போது தீவுக்கென்றே ஒரு பல்கலைக்கழகம் வேண்டுமென்று கூட்டங்கள் நடக்கின்றன. போன மாதம் கண்டியில் நடந்த கூட்டத்துக்குப் போயிருந்தேன். மின்விளக்குப் போடப்போகும் மண்டபம், நூலகம், கடிகாரக் கோபுரம் என்று ஒவ்வொன்றுக்கும் மேடையிலேயே பெயர் கொடுத்தார்கள். கற்பிப்பவர்களுக்கு என்று வந்தபோது தலைவர் மணியைப் பார்த்து, அதை அடுத்த கூட்டத்தில் பேசலாம் என்றார். திரும்பும் வழியில் பழைய கல்லூரிப் பக்கம் போனேன். எட்டுத் தூண்களும் நிற்கின்றன. எழுத்துகளில் பாசி படிந்திருக்கிறது. கங்காணியின் பெயரை இன்னும் படிக்க முடிகிறது. செயலாளரின் பெயர் எந்தக் கல்லிலும் இல்லை. கருங்கல் மதில் மூன்று பக்கமும் சுற்றி வந்து, நாலாவது பக்கத்தில் வாசலுக்கு அறுபது அடி இருக்கும்போது நின்றுவிடுகிறது. கடைசித் தாள் எழுதி முடிந்த வியாழக்கிழமை மாலை மேசன் பாஸ் கடைசிக் கல்லை வைத்த இடம் அது. மாடுகள் அந்த வழியாகத்தான் உள்ளே வருகின்றன.